அதுக்குள்ளயா

பதிவின் இரண்டாவது நிமிடம் பதினான்காவது நொடியில் அந்தப் பெண் ஒரு சொல் சொல்கிறாள். அதைக் கேட்பதற்காகக் காலை ஒன்பதரை மணியிலிருந்து மேசைக்கடியில் இருக்கும் மிதியை அழுத்திக்கொண்டிருந்தேன். பாதத்தின் முன்பகுதியால் அழுத்தினால் பதிவு ஓடும், குதிகாலால் அழுத்தினால் மூன்று நொடி பின்னால் போகும். சாப்பாட்டு நேரத்துக்குள் என் வலது கணுக்கால் மரத்துப் போயிருந்தது. சொல் மட்டும் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று சொல்வதும் சரியில்லை. எனக்கு அது முதல் தடவையே கேட்டுவிட்டது. கேட்டது அதுவாக இருக்கக் கூடாதே என்றுதான் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு ஹெட்போன். வெளிநாட்டுப் போலீஸ், நீதிமன்றம், ஆஸ்பத்திரி என்று எங்கிருந்தெல்லாமோ ஒலிப்பதிவுகள் வரும். ஸ்பானிஷில் பேசியிருப்பதை இடதுபக்கக் கட்டத்தில் ஸ்பானிஷிலேயே எழுத வேண்டும், வலதுபக்கக் கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இருமினால் இருமுகிறார், அழுதால் அழுகிறார். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. ஆறு வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. முகம் தெரியாத எத்தனையோ பேருடைய சண்டையும் சமாதானமும் என் காதுக்குள் குடித்தனம் நடத்திவிட்டுக் காலி செய்துகொண்டு போயிருக்கின்றன. சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அன்றைக்கு அவ்வளவுதான். எதையும் வீட்டுக்கு எடுத்துப்போகிற வழக்கம் எனக்கு இல்லை.

இந்தப் பதிவு போலீஸிடமிருந்து வந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கும் பெரிய சலவைக்கூடம் ஒன்றின் தொலைபேசி அழைப்பு. அங்கே எல்லா அழைப்புகளும் தானாகப் பதிவாகுமாம். பேசுகிறவள், அங்கே வேலை செய்யும் அந்தப் பெண்ணின் கீழ்வீட்டுக்காரி. அவளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு ஒன்றரை நிமிடம் காத்திருக்கிறாள். பின்னணியில் இயந்திரங்கள், கனமான ஈரத்துணியை யாரோ தரையில் அறைவதுபோல ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கின்றன. பெண் வந்து போனை எடுக்கிறாள். கீழ்வீட்டுக்காரி மூச்சு வாங்கியபடி சொல்கிறாள்: உன் புருஷன் மாடிப்படியிலிருந்து விழுந்துவிட்டார், ஆம்புலன்ஸ் வந்தது, உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இயந்திரம் ஒருமுறை அடிக்கிறது. அந்த அடி அடங்கும் இடத்தில்தான் அவள் அந்தச் சொல்லைச் சொல்கிறாள். பிறகு இரண்டு நொடி மூச்சு. பிறகு, தெளிவாக, "படிக்கட்டு விளக்கு எரிஞ்சுதா?" என்று கேட்கிறாள். அதற்கப்புறம்தான் அழுகை.

அந்தச் சொல் "வாயா"வாக இருக்கலாம். ஸ்பானிஷில் ஆச்சரியத்துக்கும் அதிர்ச்சிக்கும் ஆயிரம் இடத்தில் வரும் சொல் அது. ஆங்கிலத்தில் இடத்துக்குத் தகுந்தாற்போல "ஓ நோ" என்றோ "மை காட்" என்றோ போடுவோம். அல்லது "யா"வாக இருக்கலாம். "யா" என்று கேள்வியாக இழுத்தால் "அதுக்குள்ளயா?" என்று அர்த்தம். ஆங்கிலத்தில் "ஆல்ரெடி?" இயந்திரத்தின் அடி முன்னால் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தால் அவள் திகைத்துப்போன மனைவி. விழுங்கவில்லை என்றால், புருஷன் செத்துப்போன செய்தியைக் கேட்டு அதுக்குள்ளயா என்று கேட்டவள்.

எனக்குக் கேட்டது "யா".

நாங்கள் எழுதுவதைச் சரிபார்ப்பவருக்கு அலுவலகத்தில் பச்சைப் பேனா என்று பெயர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஸ்பானிஷ் பேசுகிற ஒரு துறைமுகத்தில் பதினோரு வருஷம் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தவர். நாங்களெல்லாம் புத்தகத்திலும் ஒலிநாடாவிலும் படித்ததை அவர் வெயிலில் நின்று வசவு வாங்கிக் கற்றிருக்கிறார். நான் கையசைத்ததும் வந்து என் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு நாலு தடவை கேட்டார்.

"வாயாதான்மா. இதுல என்ன சந்தேகம்?"

"எனக்கு யான்னு கேக்குது சார்."

"அந்த ஊர்ல பூனை குட்டி போட்டாலும் வாயா, ஆள் செத்தாலும் வாயா. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, யாரையோ வாய்யா வாய்யான்னு கூப்பிடறாங்கன்னு நாலு நாள் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டு இருந்தேன்." சிரித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "அவங்க ஆச்சரியப்படறதுக்கு அளவே கிடையாது. என்கிட்ட சொல்லாதேம்பான், மேல சொல்லுன்னு அர்த்தம். என் அம்மாவேம்பான், அம்மா ஊர்ல நல்லா இருப்பாங்க. இருக்கவே முடியாதும்பான், எல்லாம் இருக்கும்."

எனக்கும் அதெல்லாம் தெரியும். "நோ மே திகாஸ்" என்றால் வார்த்தைக்கு வார்த்தை என்னிடம் சொல்லாதே. ஆங்கிலத்தில் அதற்கு "யூ டோன்ட் சே." நீ சொல்லவில்லை. இரண்டு மொழிக்காரர்களும் கேட்ட செய்தியைக் கேட்காததுபோல ஆக்கப் பார்க்கிறார்கள். "மாத்ரே மீயா" என்று ஸ்பானிஷ்காரர்கள் அம்மாவைக் கூப்பிடும் இடத்தில் ஆங்கிலத்தில் கடவுளைக் கூப்பிட வேண்டும். நாம் இரண்டு பேரையும் கூப்பிடுவோம். "நோ புவேதே செர்" என்றால் இருக்க முடியாது. இவை எல்லாவற்றுக்கும் எதிர் எதிரே ஆங்கிலம் எழுதி ஒரு காலத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வில் கடைசிப் பகுதியே அதுதான். தேர்வாளர் ஒரு செய்தியைச் சொல்வார், நாம் அதற்கேற்ப ஆச்சரியப்பட வேண்டும். என் வீட்டுக் கூரையில் ஒரு குதிரை நிற்கிறது என்றார் அன்றைக்கு வந்த தேர்வாளர். நான் என்னிடம் சொல்லாதே என்றேன். உங்களுக்குத் திருமணமாமே என்றார். என் அம்மாவே என்றேன். நன்றாக ஆச்சரியப்படுகிறீர்கள் என்று சொல்லி முழு மதிப்பெண் போட்டார்.

அந்த அறையை விட்டு வெளியே வந்து மாடிப்படி இறங்கும்போதுதான் என் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. அப்பா போயிட்டார் என்றார். நான் சொன்னது, "அதுக்குள்ளயா?"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் என் நாத்தனார் இருந்தார். இரண்டு வருஷம் மாமனாருக்குப் படுக்கையிலேயே எல்லாம் செய்தவள் நான்தான். துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டி. அதை நாத்தனாரும் மறுத்ததில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு எங்கள் பேச்சு முடிந்துபோயிற்று. எதுக்குள்ள, என்ன கணக்கு வச்சிருந்தா என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் கேட்டார். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூடத் தன் பையிலிருந்துதான் எடுத்துக் குடிப்பார்.

பச்சைப் பேனா போனபிறகும் நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். வேகத்தைக் குறைத்தேன். இயந்திரச் சத்தத்தை வடிகட்டிப் பார்த்தேன். வடிகட்டினால் அவள் குரலும் சேர்ந்து கரைந்து தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல வந்தது. கேட்கவில்லை என்று எழுதிவிடலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். மேலாளர் என்னைவிடச் சின்னவர், எப்போதும் பதமாகத்தான் பேசுவார்.

"நாலு நிமிஷப் பதிவை எதுக்கு அனுப்பியிருக்காங்கன்னு நினைக்கிறீங்க? அந்த ஒரு வார்த்தைக்குத்தான். இதுக்கு முன்னாடி வேற இடத்துல குடுத்து, அவங்க கேட்கலைன்னு எழுதித் திருப்பிட்டாங்க. அதனாலதான் நம்மகிட்ட வந்திருக்கு. நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள வேணும்."

அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒரு குரலை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பேருந்து கதவு மூடும்போது அந்த இயந்திர அடி கேட்டது. சாயங்காலம் என் வீட்டுக்காரர் காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து ஒரு தலையணை உறையை எடுத்தேன்.

"மாமா போன அன்னைக்கு நான் போன்ல என்ன சொன்னேன்?"

"எதுக்கு இப்ப?"

"சும்மாதான். நீங்க என்ன கேட்டீங்க?"

"அக்காவுக்குத் தப்பா காதுல விழுந்திருக்கும்னு நூறு தடவை சொல்லிட்டேன்."

"அவங்களை விடுங்க. உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"நான் அழுதுட்டு இருந்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல." சட்டையின் கையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். ஏழு வருஷமாக அவர் இதையேதான் சொல்கிறார். அலுவலகத்தில் நான் கட்டத்துக்குள் எழுத நினைத்த கேட்கவில்லை என்பதை இந்த மனிதர் வீட்டில் எனக்காக எழுதி வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்காதவர் இவ்வளவு கவனமாக இருக்க மாட்டார். அடுக்கிய துணியைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர் அலமாரிப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"அன்னைக்குக் காலைல அப்பா உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

ஏழு வருஷத்தில் இதை அவர் கேட்டதே இல்லை.

"இல்லையே. தூங்கிட்டு இருந்தார்."

அலமாரிக் கதவைச் சாத்தினார்.

மாமனார் அன்றைக்குத் தூங்கவில்லை. நான் புடவையைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தபோது விழித்துத்தான் இருந்தார். நெஞ்சுக்குள் பூனை உறுமுவதுபோல ஒரு சத்தம். முந்தின நாள்வரை அது கிடையாது. குனிந்து போர்வையை இழுத்துவிட்ட என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் அவ்வளவு பிடி மிச்சமிருக்கும் என்று நான் நினைத்ததில்லை. "இன்னைக்குப் போகாதேம்மா" என்றார். நாலு மணிக்குள்ள வந்துடுவேன் மாமா என்று சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கிளம்பினேன். அந்தத் தேர்வு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். போன் வந்தபோது மணி ரெண்டேகால். அதுக்குள்ளயா என்று என் வாய் கேட்டது அந்த நாலு மணியைத்தான். நாத்தனாருக்குச் சந்தேகம் வந்த அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. அவருக்குக் காதில் விழுந்தது தப்பும் இல்லை. இரண்டும் சேர்ந்த ஒரு இடத்தில் நான் நின்றுகொண்டிருக்கிறேன், அதற்கு எந்த மொழியில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது.

காலையில் எட்டரைக்கே அலுவலகம் போய் மறுபடி கேட்டேன். யா. அந்தச் சொல் எனக்குப் பழக்கமானது என்பதால் எனக்கு மட்டும் அப்படிக் கேட்கிறதோ என்ற பயம் இருந்தது. பழக்கமான சொல் என்பதாலேயே பொய்யாகிவிடுமா என்ற எரிச்சலும் இருந்தது. முந்தின நாள் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு பொய் சொல்லியிருந்தேன். இன்னொன்றும் சேர வேண்டாம் என்று தோன்றியது. அப்போது அது நேர்மை மாதிரிதான் இருந்தது. வலதுபக்கக் கட்டத்தில் "ஆல்ரெடி" என்று எழுதிக் கேள்விக்குறி போட்டேன்.

அதன் கீழே மூன்று வரியில் ஒரு குறிப்பும் எழுதினேன். இந்தச் சொல் எதிர்பாராத செய்தியைக் கேட்ட திகைப்பிலும் வாயில் வரும். பேசியவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இயந்திர ஓசையில் முன்னால் ஓர் எழுத்து மறைந்திருந்தால் இது வேறு சொல்லாகவும் இருக்கக்கூடும். பச்சைப் பேனா குறிப்பை இரண்டுமுறை படித்தார்.

"இது இருக்கறதாலதான் கையெழுத்துப் போடறேன். காது உங்களோடது, பார்த்துக்குங்க."

பத்து மணிக்குக் கோப்பு போயிற்று. பிறகு நாற்பது நாற்பத்தைந்து பதிவுகள் வந்திருக்கும், எல்லாவற்றையும் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனேன். வீட்டில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது. என் வீட்டுக்காரர் துணி மடிக்கும்போது வானொலி போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தார். சத்தமாக.

ஏழாவது வாரம் அதே வழக்கு எண்ணோடு ஒரு பதிவு என் மேசைக்கு வந்தது. ஐம்பத்திரண்டு நிமிடம். ஒரு மூடிய அறை, மூன்று பேர். ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் விசாரணை அதிகாரி, அதை ஸ்பானிஷில் சொல்லும் ஒருவன், பிறகு அவள். இயந்திரச் சத்தம் இல்லாமல் அவள் குரல் இத்தனை சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்கள், வேண்டாம் என்கிறாள். எத்தனை வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறீர்கள், புருஷன் குடிப்பாரா, அடிப்பாரா. சில சமயம் என்கிறாள், எதற்குச் சில சமயம் என்பதைச் சொல்லவில்லை. இருபதாவது நிமிடத்தில் காகிதம் புரளும் சத்தம்.

அதிகாரி நிதானமாகப் படித்தார். "உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்று சொன்னதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி இதில் எழுதியிருக்கிறது. அதுக்குள்ளயா என்று கேட்டிருக்கிறீர்கள். எது அதுக்குள்ள?"

குறிப்பைப் படிப்பார் என்று காத்திருந்தேன். படிக்கவில்லை. மிதியை விட்டுவிட்டு எழுந்து மேலாளரிடம் போனேன்.

"குறிப்பா? அதை அன்னைக்கே எடுத்துட்டேனே. வார்த்தையை எழுதறதுதான் நம்ம வேலை. அதுக்கு அர்த்தம் இதுதான் அதுதான்னு சொல்றதுக்கு அங்க வக்கீல் இருக்கார்."

"அது இருந்ததாலதான் அவர் கையெழுத்துப் போட்டார்."

"கையெழுத்து மொழிபெயர்ப்புக்குத்தானே? மொழிபெயர்ப்பு சரிதானே?" என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம் எதுவும் இல்லை. "சரிதானே?"

போலீஸுக்கு நானே கடிதம் எழுதலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. ஒரு விரலை உயர்த்தி என்னை நிற்கச் சொன்னார். நான் நிற்காமல் இடத்துக்கு வந்தேன்.

கேள்விக்குப் பிறகு மௌனம். மௌனத்தையும் நொடிக் கணக்கில் எழுத வேண்டும். நாற்பத்தொரு நொடி. அதில் ஒரு நாற்காலி நகர்கிறது, யாரோ பேனாவின் மூடியைத் திறந்து மூடுகிறார்கள். பிறகு அவள், "நான் அப்படியா சொன்னேன்?" என்கிறாள். மொழிபெயர்ப்பவன் ஆங்கிலத்தில் சொல்கிறான். கொஞ்சம் பொறுத்து, "இருக்கலாம்" என்கிறாள். அதையும் சொல்கிறான். மறுபடி ஒரு இடைவெளி. பிறகு தாழ்ந்த குரலில், யாரையும் பார்க்காமல் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிற மாதிரி, மூன்றே சொல்லில் கேட்கிறாள்: "கியேன் லோ ஓயோ?"

அதைக் காதால் கேட்டது யார்?

இதை அவன் மொழிபெயர்க்கவில்லை. முக்கியமில்லை என்று நினைத்தானோ, அவன் காதில் விழவில்லையோ. அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். படிக்கட்டு விளக்கைப் பற்றி ஏன் விசாரித்தீர்கள், பல்பு எப்போதிருந்து இல்லை, அதைக் கழற்றியது யார் என்று கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. அவள் எதற்கும் வாய் திறக்கவில்லை. ஒலிவாங்கி அவளுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். மூச்சு மட்டும் வந்தது. மெலிந்த, அடியில் ஏதோ உறுமுகிற மூச்சு.

இடதுபக்கக் கட்டத்தில் அவள் சொன்ன மூன்று சொல்லையும் எழுதினேன். வலதுபக்கக் கட்டத்தில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். அறையில் பதினோரு பேர் சுவரையோ ஜன்னலையோ பார்த்தபடி, யாரோ ஏதோ ரகசியம் சொல்வதைக் கேட்பவர்களைப்போல வாயை லேசாகத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசைகளுக்கு அடியில் பதினோரு கால்கள் அழுத்துவதும் விடுவதுமாக இருந்தன. கோடியில் மேலாளரின் அறைக்கதவு திறந்தது. அவர் வாசலில் நின்று, கையில் ஒரு காகிதத்தோடு, மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் காதுக்குள் அவள் மூச்சை உள்ளே இழுத்தாள், பேசப்போகிறவளைப்போல.